மாத்தளையில் யாரும் மாட்டாத படங்கள்

இடியப்பத் தட்டை என் முன்னால் வைத்தவரின் விரல்களை எண்ணினேன். பத்து. பக்கத்து மேசையில் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டிருந்த பெரியவருக்கும் பத்து. இலங்கையின் மாத்தளை நகரத்தில் என் முதல் காலை இப்படித்தான் விடிந்தது. புது ஊருக்குப் போனால் மலையைப் பார்ப்பவர்கள் உண்டு, கோபுரத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு வருடமாக எனக்குக் கைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

இடியப்பத்துக்குச் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. எங்கள் பக்கம் சொதி என்றால் திருநெல்வேலிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள். இங்கே அது தினப்படிக் காலை. இளம் மஞ்சளாகத் தட்டில் பரவுகிறது. சம்பலின் உறைப்பு நாக்கில் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிடுமோ என்று எழுந்துவிட்டேன். "டைம் இருக்கு, இருந்து சாப்புடுங்க" என்றார் பரிமாறியவர். நேரம் எனக்கு எப்போதும் இருக்கிறது. நம்பிக்கைதான் இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு மசாலா நிறுவனத்தில், இயந்திரங்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. போன வருடம் முழுவதும் செல்போன் திரை வழியாகவே கற்றுக்கொடுத்தேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன ஒருவர், அடுத்த மாதமே அரவை இயந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்தார். அவர் பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதியது நான். அதற்குப் பிறகு நிறுவனம் ஒரு விதி செய்தது: பாதிப் பயிற்சி திரையில், மீதி நேரில், நேரில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. எங்களுக்கு மிளகும் பட்டையும் அரைத்து அனுப்பும் மில் ஒன்று மாத்தளைப் பக்கம் இருக்கிறது. அங்கே பதினொரு பேர். நான்கு வாரம் திரையில் பார்த்த அவர்களை, மூன்று நாள் நேரில் பார்க்க வந்திருந்தேன்.

மில் பல்லேபொல போகிற வழியில். பஸ்ஸின் நெற்றிப் பலகையில் ஊர்ப் பெயர் மூன்று மொழியில் எழுதியிருந்தது. அவசரத்தில் மூன்றில் ஒன்றையும் படிக்காமல் ஏறினேன். பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் கையிலிருந்த விலாசத்தைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னார், பஸ் சிரித்தது. பின் இருக்கைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இது வில்கமுவ போற பஸ்ஸாம். இப்ப இறங்காட்டி, பொழுதுபட வயல் வரப்புல இறங்கி, நாளைக்குத்தான் திரும்புவீங்களாம்." கூடைக்கார அம்மாளே மணியை அடித்து என்னை இறக்கிவிட்டார்.

அங்கிருந்து ஒரு த்ரீவீல், எங்கள் ஊர் ஆட்டோதான். பாதி வழியில் தூறல். சாலையோரம் படங்கு என்கிற தார்ப்பாயில் காயப்போட்டிருந்த மிளகை ஒரு பெண் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, படங்கின் ஒரு முனையைப் பிடித்தார். நானும் இறங்கி ஒரு முனையைப் பிடித்தேன். நனைந்த மிளகின் வாசனை மண் வாசனையோடு கலந்து மூக்கில் ஏறியது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். அன்று மணியைப் பார்த்தேன். முதல் நாளே தாமதமாக வருகிற பயிற்சியாளர் சொல்லை யார் கேட்பார்கள்.

மில்லில் நுழைந்ததும், திரையில் தீப்பெட்டி அளவு பார்த்த முகங்கள் ஆள் உயரத்தில் எழுந்து நின்றன. எல்லோருக்கும் முன்னால் லோகேஸ்வரி. திரை வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதல் பதில் அவருடையது. நாற்பது வயது இருக்கும். கொத்தவரங்காய் மாதிரி உடம்பு. எல்லோருக்கும் லோகாக்கா.

"மிஸ், நீங்க இவ்வளவு கட்டையா" என்றார். "போன்ல பெரிய ஆளால்ல தெரிஞ்சீங்க."

"போன்ல இடுப்புக்குக் கீழ யாருக்குத் தெரியும்" என்றேன். சிரித்தார்கள். பயம் கொஞ்சம் இறங்கியது.

மில்லின் நடுவே கலவை டிரம். மாட்டுவண்டி அளவு எஃகுத் தொட்டி. உள்ளே நாடா போல முறுக்கிய இரும்பு அலகுகள். மிளகு முடிந்து கறுவா போடவேண்டுமானால் (எங்கள் ஊர்ப் பட்டைக்கு இங்கே கறுவா என்று பெயர்), அலகுகளில் ஒட்டிய மிளகுத் தூளை ஒருவர் உள்ளே தலையும் தோளும் நுழைத்துப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யவேண்டும். டிரம்மின் வாய் சிறியது. பதினொரு பேரில் லோகாவின் தோள்தான் அதில் நுழையும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

டிரம்மை ஓட்டுகிற பச்சைப் பொத்தான் எதிர்ச் சுவரில், மூட்டைகளுக்கு அப்பால். பொத்தானில் கை வைப்பவருக்கு டிரம்மின் வாய் தெரியாது. பூட்டுப் போடலாம் என்றால் அந்தப் பெட்டியில் பூட்டு மாட்ட இடமில்லை. அதற்கான பாகம் வர ஆறு வாரம். மெயினை இறக்கினால் விளக்கும் அணைந்துவிடும். உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. அதனால் எங்கள் நிறுவனம் ஒரு வழி சொன்னது. உள்ளே போகிறவர் தன் புகைப்பட அட்டையைப் பச்சைப் பொத்தானுக்கு மேலே ஆணியில் மாட்டவேண்டும். வெளியே வந்ததும் தானே கழற்றவேண்டும். அட்டை தொங்கினால் பொத்தானை யாரும் தொடக்கூடாது. பதினொரு பேர் படத்தையும் வாங்கி, சிவப்பு எழுத்தில் 'ஆபத்து' என்று அச்சடித்து, பளபளப்பாக லேமினேட் செய்து அனுப்பியிருந்தேன். திரையில் அவர்கள் மில்லைச் சுற்றிக் காட்டியபோது பொத்தானுக்கு மேலே ஏதோ வண்ண அட்டை தொங்கியது. சரி என்று குறித்துக்கொண்டேன்.

இப்போது பக்கத்தில் போய்ப் பார்த்தேன். காலண்டரிலிருந்து வெட்டிய அம்மன் படம். நெற்றியில் குங்குமம், மேலே வாடிய மல்லிகைச் சரம்.

"அட்டைகள் எங்கே?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லோகாதான் சொன்னார். "நல்ல வடிவா இருக்கு மிஸ். வீட்ல ஷோகேஸ்ல வச்சிருக்கேன்."

"அதை இங்கேதானே மாட்டணும்?"

"உசிரோட இருக்கிற ஆளுட படத்த ஆணியில மாட்டுவாங்களா மிஸ்? அதுவும் மூஞ்சிக்குக் கீழ ஆபத்துன்னு எழுதி. எங்க மக பாத்துட்டு ஒரே அழுகை."

பொத்தானை அழுத்தி டிரம்மை ஓட்டுகிறவர் பாரூக் நானா; இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது, மில்லில் மற்ற எல்லோரையும்விடப் பழைய ஆள். தலையைக் குனிந்தபடி சொன்னார்: "எங்கட வீடுகள்ல செவருல ஆள் படமே மாட்டுறல்ல மிஸ். நான் போன்லயே சொல்ல நெனச்சேன். நீங்க கவலப்படுவீங்கன்டு உட்டுட்டேன்."

"அதுதான் அம்மாள மாட்டினோம்" என்றார் லோகா. "சுவிட்ச் போட வாற ஆள் பாத்துட்டு யோசிக்கணும்னு தானே சொன்னீங்க. அவளப் பாத்தா யோசிக்காமப் போயிருவாங்களா?"

பாடத்தை அவர்கள் புரிந்துகொள்ளாமல் இல்லை. என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அம்மனை யார் கழற்றுவார்கள்? டிரம் ஓடும்போதும் அவள் தொங்குகிறாள், நிற்கும்போதும் தொங்குகிறாள். எப்போதும் இருக்கிற ஒன்றைக் கண் பார்ப்பதில்லை. இதை மெதுவாகச் சொன்னேன். நாளைக்கு எல்லோரும் அட்டையைக் கொண்டுவரவேண்டும் என்றேன். "சரி மிஸ்" என்று பதினொரு குரல் ஒன்றாக வந்தது. அந்தச் 'சரி'யை எனக்குத் திரையிலேயே தெரியும்.

இரண்டாம் நாள் சரியான பஸ். மூன்று மொழியையும் படித்துவிட்டு ஏறினேன். ஏறிய பிறகும் ஒரு தடவை கேட்டேன். "நேற்று வில்கமுவ போகப் பார்த்த அம்மா" என்று கண்டக்டர் சிங்களத்தில் டிரைவரிடம் சொன்னாராம். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

வழக்கமாக எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். மதியம் மிளகு முடிந்தது. பாரூக் நானா டிரம்மை நிறுத்திவிட்டு ளுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் போனார். லோகா பொத்தான் பக்கம் போனார், அட்டையை மாட்டினார், திரும்பி வந்தார், பலகையில் ஏறி டிரம்முக்குள் தலையை நுழைத்தார். பிரஷ் எஃகில் உரசும் சத்தம். மழைக்கு முன் தகரக் கூரையில் காற்று உரசுவது போல அது ஏறி இறங்கியது. மற்றவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். பொலஸ் கறி வாசனை வந்தது. பிஞ்சுப் பலாக்காயை இறைச்சி போலச் சமைக்கிறார்கள். எனக்கும் ஒரு பார்சல் நீட்டினார்கள். அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

பொத்தானுக்கு மேலே அம்மன் மட்டும்தான் இருந்தாள்.

படத்தின் ஓரத்தைத் தூக்கினேன். பின்னால், சுவரைப் பார்த்தபடி, லோகாவின் அட்டை. மிஸ் சொன்னதையும் கேட்டாகிவிட்டது, செத்தவர் படம் மாதிரி தன் முகம் ஆணியில் தொங்குவதையும் யாரும் பார்க்கவேண்டாம் என்பது அவர் கணக்கு. பிரஷ் சத்தம் நின்றிருந்தது. தும்முவதற்காக லோகா நிறுத்தியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அந்த அமைதியைக் கேட்டு, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, தொழுதுவிட்டு வந்த ஒரு கை என் தோளுக்குப் பக்கவாட்டில் பச்சைப் பொத்தானை நோக்கி நீண்டது.

அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தொழுமுன் கை கழுவி ஒளுச் செய்த ஈரம் இன்னும் அதில் இருந்தது.

பாரூக் நானா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஓர் அந்நியப் பெண் கையைப் பிடிக்கிறாளே என்ற கூச்சம்தான் முதலில் அந்த முகத்தில் இருந்தது. பிறகு நான் மறுபடி தூக்கிக் காட்டிய படத்தின் பின்னால் லோகாவின் அட்டையைப் பார்த்தார். மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"படம் எப்பவும் ஈக்குதே மிஸ்" என்றார். "எப்பவும் ஈக்குதே."

சிறிது நேரத்தில் லோகா வெளியே வந்தார், புருவமெல்லாம் மிளகு. "என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி இருக்கீங்க? எனக்குச் சோறு வச்சீங்களா இல்லையா?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் செய்தவற்றில் மிக மோசமானது அதுதான்.

மாலையில் மில் முதலாளி என்னை விடுதியில் இறக்கிவிட்டார். நகரத்தில் பழைய வியாபாரக் குடும்பம். பேச்சில் அவசரம் காட்டாத மனிதர். "மேடம், நாளைக்குக் கறுவா போடணும். நாளைக்குள்ள நீங்க சைன் வைக்காட்டி பிறகு டிரம் சுத்தாது. பூட்டு வாறவரைக்கும் ஆறு கிழமை நின்டா பதினோரு பேரையும் வீட்ல இருங்கன்னுதான் சொல்லணும். நான் சும்மா பயம் காட்டல்ல, உள்ளத சொல்றேன்."

அவர் போனதும் தலைமை அலுவலகத்து விஜயனைத் திரையில் அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "போட்டோ டேக்தான் மேடம் ரூல்" என்றார். "மாட்டச் சொல்லுங்க. பழகிருவாங்க." ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் வந்தன, தொட முடியவில்லை. கையெழுத்துப் போட்டால் தினம் இரண்டு தடவை லோகாவின் தலை அந்த வாய்க்குள். போடாவிட்டால் பதினொரு அடுப்பு எரியாது. என் பேனா மேசையில் கிடந்தது. அதைப் பார்க்கவே பிடிக்காமல் துண்டைப் போட்டு மூடினேன்.

மூன்றாம் நாள் நான் போகும்போது லோகா மில் வாசலிலேயே நின்றார். சிரிப்பு இல்லை.

"நேத்து நடந்தத பஸ்ல வச்சித்தான் மிஸ் சொல்றாளுக. படத்தப் பின்னால மாட்டினது எம் புத்தி, ஒத்துக்கிறேன். ஆனா தலை என்னோடது. ஒங்களுக்குத் தெரிஞ்சதும் எனக்குல்ல மொதல்ல சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றேன். "பயந்துட்டேன்."

"நீங்க பயந்தீங்க. நான் உள்ள இருந்தேன்."

அவர் திரும்பி விறுவிறுவென்று பச்சைப் பொத்தான் வரைக்கும் போனார். காலில் இருந்த நீல ரப்பர்ச் செருப்பைக் கழற்றி, பொத்தானுக்கு நேர் கீழே, ஒருவர் நிற்கவேண்டிய இடத்தில் போட்டார். "இனி நான் உள்ள போனா இது இங்க கெடக்கும். மிதிச்சிட்டு யாரு கை வைக்கிறாங்கன்னு பாப்பம்."

பெண்களில் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "அம்மாளுக்குக் கீழ செருப்பா லோகாக்கா?"

லோகாவின் கோபம் அப்படியே நின்றது. வெளியே குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். அம்மன் படத்தைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மில்லின் வாசல் நிலைக்கு மேலே கொண்டுபோய் வைத்தார். "நீ இங்க நில்லு தாயே. சுவிட்ச நாங்க பாத்துக்கிறோம்."

பாரூக் நானா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியாத்தான் ஈக்கு" என்றார் கடைசியில். "பள்ளி வாசல்லயும் கோயில் வாசல்லயும் வீட்டு வாசல்லயும் இதத்தானே பாக்குற. செருப்பு கெடந்தா ஆள் உள்ள. படத்தப் பாத்தா யோசிக்கோணும். இதுக்கு யோசிக்கத் தேவல்ல."

எனக்கு உடனே சந்தேகங்கள் வரிசையாக வந்தன. "எல்லாருக்கும் மில் கொடுத்த அதே நீலச் செருப்புத்தானே நானா? யாருடையது என்று எப்படித் தெரியும்?"

"ஊக்கு குத்தினது லோகா. குதி ஒருபக்கம் தேஞ்சது ராணி. பதினோரு பேர்டயும் எனக்குத் தெரியும்."

"வெளியே வந்த பிறகு எடுக்க மறந்துவிட்டால்?"

"செருப்பு இல்லாம எப்பிடி மிஸ் நடமாடுற?" என்றார் லோகா. இப்போதுதான் கொஞ்சம் சிரித்தார். "கல்லு குத்தினா தானா ஞாவகம் வரும்."

விஜயனை அழைத்து, போனை அந்த இடத்துக்குத் திருப்பினேன்.

"மேடம், கேமரா தரையைக் காட்டுது."

"அதைத்தான் சார் காட்டுகிறேன்."

விவரமாகச் சொன்னேன். "செருப்புன்னு ரிப்போர்ட்ல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்றார். பிறகு, "நேர்ல பாக்கிறது நீங்க. பூட்டு வர்ற வரைக்கும் உங்க முடிவு. நாளைக்கு ஏதாச்சும்னா உங்க கையெழுத்துத்தான் இருக்கும், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து போய்விட்டார்.

படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே எழுதினேன்: 'பூட்டு வரும்வரை, உள்ளே போகிறவரின் காலணி பொத்தானுக்குக் கீழே இருக்கும். வைப்பதும் எடுப்பதும் அவர் மட்டும்.' கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது. முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். அதற்குள் மதியமாகி, காலை மிளகு முடிந்து டிரம் நின்றிருந்தது. பாரூக் நானா தொழப் போயிருந்தார். லோகா பிரஷை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிரஷை என் பக்கம் நீட்டினார்.

"ஒருக்கா நீங்க போய்ப் பாருங்க மிஸ். நாலு கிழமையா இந்த டிரம்மப் பத்தித்தானே கதைச்சீங்க."

நான் கட்டை என்றாலும் ஒல்லி. நுழைய முடியாது என்று சொல்ல வழியில்லை. பொத்தான் பக்கம் போனேன். என் கறுப்பு ஷூவைக் கழற்றிக் கீழே வைத்தேன். குதிகால் சுவரில் முட்டாமல், முனை கோணாமல், மூன்று தடவை சரிசெய்தேன். வெறுங்காலில் சிமெண்டுத் தரை குளிர்ந்தது. பலகையில் ஏறினேன்.

உள்ளே மிளகு காற்றாகவே இருந்தது. கண்ணீர் தானாக வழிந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் ஓர் அலகு. அதன் விளிம்பில் என் மூச்சு பட்டுத் திரும்பி வந்தது. நான்கு வாரம் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, கேள்வி கேட்டு, மதிப்பெண் கொடுத்த அந்த இடம் இவ்வளவு நெருக்கமானது என்று எனக்குத் தெரியாது. வெளியே இருக்கிற எதுவும் தெரியவில்லை. பிரஷ் கையில் இருந்தது, கை அசையவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. மூட்டைகளுக்கு அப்பால், பள்ளிவாசலிலிருந்து திரும்பி வருகிற நிதானமான நடை. பொத்தான் பக்கம் வந்தது. அங்கே நின்றது.

"யார்ர சப்பாத்து இது?" பாரூக் நானாவின் குரல்.

"மிஸ்ஸுட" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து லோகா கத்திச் சொன்னார்.

"ஆ. அப்ப நான் இப்பிடி இருக்கேன்."

மூட்டை ஒன்று ஆளின் பாரத்தில் நெரிந்தது. ஓர் இருமல். பிறகு ஒன்றுமில்லை, ஒருவர் உட்கார்ந்து காத்திருக்கிற அமைதி மட்டும். என் கை பிரஷை எஃகில் வைத்து இழுத்தது. கறுப்புத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அங்க இல்ல மிஸ்" என்றார் லோகா. "அலகுக்கு அடியில தேய்ங்க. அங்கதான் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கும்."

அலகுக்கு அடியில் கையை விட்டேன்.